இரண்டு கொட்டகை

தோணிரேவுத் துறையில், சுங்கச் சாவடிக் கம்பத்தில் கட்டிப் போட்டிருந்த தன் தோணியையே முனியன் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி ரங்கம்மாள் பார்த்துக்கொண்டிருந்தது அதற்குப் பக்கத்திலிருந்த ஓலைக் கொட்டகையை. ஒல்லாந்தர் கோட்டைக்கு வெளியே நடக்கும் சந்தையில் விற்க வேண்டுமென்றால் ஒவ்வொரு கூடைக்கும் இங்கே வரி கட்டி, மூடிய இலைமேல் களிமண் முத்திரை வாங்க வேண்டும். குத்துகிறவன் துளசிங்கம். அவன் வாய் திறந்து எதையும் கேட்டதே இல்லை. சும்மா காக்க வைப்பான். நண்டுக்காரர்கள் கதை பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், நண்டு சாயங்காலம்வரை உயிரோடு கிடக்கும். போகும்போது ஒரு நண்டைப் போட்டால் போதும். இறாலுக்கு வெயில் ஏறினால் மணம் மாறிவிடும். அதனால் இறால்காரர்கள் இரண்டு கையும் நிறைய, அதுவும் பெரிய இறாலாகப் பார்த்து, அள்ளிக் கொடுப்பார்கள். வரி இருவருக்கும் ஒன்றுதான். அவன் விற்பது முத்திரையை அல்ல, நம் அவசரத்தை என்று சேற்றில் கைவிட்டு இறால் தடவும்போதுதான் ரங்கம்மாளுக்கு உறைத்தது. அதற்கப்புறம் அவளும் முனியனும் கழிமுகப் புதர் வழியாக முத்திரையில்லாமல் போனார்கள். மாட்டிக்கொண்டார்கள். தோணியைப் பிடித்துச் சாவடியில் கட்டிவிட்டார்கள்.

துறை வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த நீலமேகம் மத்தியானம் வந்தார். காலில் விழச் சொல்லியிருந்தான் முனியன். அவள் விழவில்லை. ஊரில் பாதிப் பேர் அந்தப் புதர் வழியாகத்தான் போகிறார்கள், அவர்கள் ஓடுவது வரிக்குப் பயந்து அல்ல, அந்த இரண்டு கை இறாலுக்குப் பயந்துதான், நஷ்டம் உங்களுக்குத்தான் என்றாள். நீலமேகம் துளசிங்கத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“இவன தொரத்திட்டா சரியாப் பூடுமா?”

“வேற ஆளு வந்தாலும் இதே கொட்டாயில தான குந்துவாரு சாமி. எங்க இறாலும் இதே வெயில்ல தான் கெடக்கும்.”

“அப்ப இன்னா தான் பண்ண சொல்ற?”

“அந்தாண்ட இன்னொரு கொட்டா போடுங்க. யாரு முத்திரையானாலும் செல்லும்னு சொல்லிடுங்க. நீங்க கூலி குடுக்காததால தான் எங்க கூடைல கை வெக்கறாரு. குத்தற முத்திரைக்கு ஏத்தாப்ல கூலி குடுங்க.”

அவர் சிரித்துவிட்டார். “ஒரு திருடன் பத்தாதுன்னு ரெண்டாவது திருடனுக்கு நான் பந்தல் போடணுமா?”

“ஒருத்தர்னா நாங்க அவரு மூஞ்சிய பாத்துக்கினு நிக்கணும். ரெண்டு பேரானா அவுங்க எங்க மூஞ்சிய பாப்பாங்க.”

அமாவாசைவரை பார்க்கலாம் என்றார் நீலமேகம். வரி வரவு ஏறினால் தோணி அவர்களுக்கு. ஏறாவிட்டால் அவருக்கு. “ஒன் வாயாலயே தோணி போச்சு” என்றான் முனியன்.

போய்விடும் போலத்தான் இருந்தது. புதுக் கொட்டகையில் வந்து உட்கார்ந்த எல்லப்பன், துளசிங்கத்தின் மச்சான். மாமனும் மச்சானும் பேசி வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் அதே இரண்டு கை. ஊரே ரங்கம்மாளைக் கிண்டலடித்தது. எந்தக் கொட்டகையில் கூடை நாறினால் வாசனையாக இருக்கும் என்று நண்டுக்காரர்கள் அவளிடமே கேட்டார்கள். அவள் கோபப்படவில்லை. வீடு வீடாகப் போனாள். எப்படியும் ஒருத்தனுக்குக் கொடுக்கத்தான் போகிறோம், நாளையிலிருந்து எல்லாக் கூடையும் எல்லப்பனிடமே போகட்டும், துளசிங்கம் பக்கம் ஒரு நண்டுகூடப் போகக் கூடாது என்றாள். கிண்டலடித்தவர்களே முதலில் தலையாட்டினார்கள். வேடிக்கை பார்க்க யாருக்குத்தான் ஆசையில்லை.

எல்லப்பன் கை வலிக்கக் குத்தினான். கூலியும் அவனுக்கு, இறாலும் அவனுக்கு. துளசிங்கத்தின் களிமண் காய்ந்து வெடித்தது. தண்ணீர் தெளித்துப் பிசைந்தான், மறுபடி காய்ந்தது. மச்சானைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தான். மச்சானுக்குக் காது கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை பக்கத்து வீட்டுத் தோணியில் கூடையோடு ரங்கம்மாள் வந்தாள். கரையை நெருங்குவதற்குள் துளசிங்கம் எழுந்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஈரக் களிமண்ணை ஒரு கையிலும் முத்திரைக் கட்டையை இன்னொரு கையிலும் ஏந்தி, முழங்கால் தண்ணீரில் இறங்கினான்.

“ரங்கம்மா, இப்டி வாம்மா. இங்கயே குத்தித் தரேன்.”

இத்தனை நாளும் அவன் அவளைக் கூப்பிட்டது ‘ஏய்’ என்றுதான். அவன் இரண்டு கையிலும் இறால் வாங்க இடமில்லை என்பதையும் அவள் பார்த்தாள். அந்தப் பக்கம் எல்லப்பனும் அவசரமாக எழுந்து வேட்டியை மடித்துக்கொண்டிருந்தான். ரங்கம்மாள் கழியைச் சேற்றில் ஊன்றித் தோணியை அப்படியே நிறுத்தினாள். சாவடிக் கம்பத்தில் அவள் தோணி கயிற்றை இழுத்து இழுத்து ஆடியது. இரண்டு பேரும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு அவளை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள்.