மறுத்துப் பழகியவர்

கட்சியில் அவர் துணைத்தலைவராக இருந்த காலம் நீண்டுகொண்டே போனதில், முதலில் அவருடைய பெயர் மறைந்தது, பிறகு பதவியின் பின்பாதியும் உதிர்ந்தது. கடைசியில் எல்லோருக்கும் அவர் 'துணை' ஆகிவிட்டார். தொண்டர்களுக்குத் துணை ஐயா, நிருபர்களுக்குத் துணை சார். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற அவருடைய மனைவி மட்டும், "ஊருக்கெல்லாம் துணை, இந்த வீட்டுல ஒரு பல்பு மாட்ட ஆள் இல்ல" என்பாள்.

கட்சியை ஆரம்பித்த பெரியவர் கண்ணை மூடியபோது, "பெரியவரின் மகன்தான் தலைவராக வேண்டும்" என்று முதலில் எழுந்து முழங்கியவர் துணைதான். அன்று அவருக்கு வயது குறைவு, கணக்கு நீளம். மகனுக்கு இருப்பதோ ஒரே ஒரு பெண் குழந்தை. மேடைக்குத் தூக்கிவந்தாலே வீறிட்டு அழுகிற குழந்தை. ஆக, மகனுக்குப் பிறகு நாற்காலி வேறு எங்கே போகும், நம் பக்கம்தான் நகரும் என்று அன்றைக்கே முடிவுகட்டிவிட்டார். அந்த நம்பிக்கையில் வாரிசு என்ற சொல்லுக்கு அவர் செய்த அலங்காரம் கொஞ்சமல்ல. தலைமைப் பண்பு ரத்தத்தில் ஓடுவது என்றார். எலும்புக்குள் இருப்பது என்றார். ஒரு கூட்டத்தில் உற்சாகம் மிஞ்சிப்போய், அந்தக் குடும்பத்தின் மூக்கைப் பார்த்தாலே ஆளப் பிறந்தவர்கள் என்று தெரியும் என்றுகூடச் சொல்லிவிட்டார். நல்ல கைதட்டல். வீட்டுக்கு வந்ததும் தன் சப்பை மூக்கைக் கண்ணாடியில் பார்த்து, "நீ வாயை மூடியிருக்கலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அந்த மகனும் ஒருநாள் காலை நடையின்போது மார்பைப் பிடித்துக்கொண்டு பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தார். திரும்ப எழுந்திருக்கவில்லை. துணை உண்மையாகவே அழுதார், இளவயதிலிருந்து கூட இருந்த மனிதரல்லவா. ஆனால் முகம் கழுவப்போன இடத்தில் கண்ணாடியைப் பார்த்ததும், "இந்தப் பெரும்பொறுப்பை ஏற்க எனக்குத் தகுதி உண்டா என்று..." என ஒரு பேச்சு உதட்டில் தானாக ஓட ஆரம்பித்தது. கண்ணீர் ஒரு பக்கம், ஒத்திகை ஒரு பக்கம். சீ, என்ன ஜென்மம் நான் என்று நினைத்துக்கொண்டே, கடைசி வரியில் குரலைக் கொஞ்சம் தாழ்த்திப் பார்த்தார்.

செயற்குழுவில் பொருளாளர்தான் முதலில் வாயைத் திறந்தார். "பெரியவரோட பேத்தியைக் கூப்பிடணும். அதுதான் முறை. துணையே போய்ப் பேசட்டும். ரத்தம், எலும்பு, மூக்கு எல்லாத்தையும் நமக்குப் புரிய வச்சவரே அவர்தானே?"

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். தன் பேச்சே தன் காலை வாரியதை ரசிக்கிற நிலையில் துணை இல்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு தைரியம் இருந்தது. அந்தப் பெண்ணை அவருக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். மனசில் இருப்பதை வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசுகிறவள். இப்போது பல் டாக்டர். கேட்டால் முடியாது என்பாள். வந்து சொன்னால், வேறு யார் இருக்கிறார்கள், நீங்கள்தான் என்பார்கள். போகிற வழியெல்லாம் காரில் முகத்தைச் சோகமாக வைத்துப் பழகிக்கொண்டே போனார்.

அவளுடைய கிளினிக் ஒரு செருப்புக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. குறுகிய படிக்கட்டு, மருந்து நெடி, கண்ணாடி அலமாரியில் இளித்துக்கொண்டு நின்ற ஒரு பிளாஸ்டிக் தாடை. பல்வலி என்று சொல்லித்தான் உள்ளே நுழைந்தார். நிருபர்கள் மோப்பம் பிடித்துவிடக்கூடாதே.

"வாங்க சித்தப்பா, உக்காருங்க. எந்தப் பல்லு?" என்று கையுறையை மாட்டியபடியே கேட்டாள்.

"பல்லு கெடக்கட்டும் பாப்பா. கட்சி உன்னைக் கூப்பிடுது. அப்பா இடத்துக்கு நீதான் வரணுமாம்."

"எனக்கு வேண்டாம் சித்தப்பா. எனக்குக் கூட்டம் பிடிக்காது, பேச வராது. இந்த வேலை எனக்குப் புடிச்சிருக்கு."

துணையின் நெஞ்சுக்குள் ஒரு மத்தாப்பு பற்றிக்கொண்டது. அதை முகத்தில் காட்டாமல் பெருமூச்சு விட்டார். "யோசிச்சுச் சொல்லும்மா."

"யோசிச்சாச்சு. ஏன், நீங்களே தலைவரா இருங்களேன்? அப்பாகூட அத்தனை வருஷம் இருந்தவர். உங்களுக்கு எல்லாம் தெரியும்."

அவர் ஆயுள் முழுக்கக் காத்திருந்த வார்த்தை அது. சரிம்மா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கட்சியில் ஒரு வழக்கம் இருந்தது. முதல் முறை கேட்டதும் வாங்கிக்கொள்கிறவன் அற்பன். பெரியவர் மூன்று முறை மறுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். மகன் இரண்டு முறை மறுத்தார். கிளைச் செயலாளர்கூட ஒரு முறையாவது மறுத்தால்தான் மதிப்பு. அந்தப் பழக்கம் துணையின் உடம்பில் ஊறிப்போயிருந்தது. இரண்டு உள்ளங்கையும் தாமாக உயர்ந்தன, முகம் ஒருபக்கம் திரும்பியது, கண் மூடிக்கொண்டது.

"ஐயய்யோ! நானா? என்ன பேச்சு பேசுற பாப்பா! உங்க குடும்பத்து நிழல்ல ஒதுங்கினவன் நான். எனக்கு எதுக்கும்மா அந்த நாற்காலி? வேண்டாம். வேண்டவே வேண்டாம்."

அருமையாக வந்தது. கடைசி 'வேண்டாம்' லேசாகத் தழுதழுக்கக்கூடச் செய்தது. கண்ணை மூடியபடியே அடுத்த கேள்விக்குக் காத்திருந்தார்.

"சரி சித்தப்பா. வாயைத் திறங்க."

கண்ணைத் திறந்தார். அவள் முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"இல்ல பாப்பா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"நல்லாப் பெரிசா. ஆ..." சின்னக் கண்ணாடி உள்ளே போய்விட்டது. "அடப்பாவமே, கடைசிப் பல்லு முழுசா சொத்தை. நிஜமாவே வலியோடதான் வந்திருக்கீங்க. இதை இனிமே வைக்கக்கூடாது, எடுத்துடலாம்."

"ஆ! ஆ!" என்றார் துணை.

"பயப்படாதீங்க, ஊசி போட்டுத்தான் எடுப்பேன்."

நாற்காலி கேட்டுப் போனவருக்கு நாற்காலி கிடைத்தது. பின்னால் சாய்க்கிற நாற்காலி. விளக்கு வெளிச்சத்தில் மல்லாந்து கிடந்தபடி, தன்னைப்போல ஒரு முட்டாளை இந்தக் கட்சி இனிப் பெற்றெடுக்கப்போவதில்லை என்று துணை நினைத்துக்கொண்டார். அதையாவது யாரும் மறுக்க முடியாது.

பஞ்சைக் கடித்துக்கொண்டு இறங்கி வந்தால், செருப்புக்கடை வாசலில் பொருளாளரும் ஒரு பட்டாளமும். பின்னால் கேமராக்கள். ரகசியம் காப்பதில் கட்சிக்கு எப்போதுமே நல்ல பெயர் கிடையாது.

"என்ன சொன்னாங்க?"

பாதி வாய் மரத்துப்போயிருந்தது. வலியில் கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. "மாத்தேன்னு தொல்லிட்தாங்க" என்றார்.

பொருளாளர் அந்தக் குழறலைப் பிரித்துப் புரிந்துகொண்டார். பிறகு கேமரா பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "மாட்டேன்னு சொல்லிட்டாங்களாம்! பார்த்தீங்களா பெருந்தன்மையை! பெரியவர் மறுத்த மாதிரியே மறுத்திருக்காங்க! அதைச் சொல்லும்போது நம்ம துணை ஐயாவுக்கே கண்ணு கலங்குது!"

மறுநாள் பேப்பரில் வீங்கிய கன்னத்தோடு துணையின் படம் வந்தது. உணர்ச்சிப்பெருக்கில் தவிக்கும் துணைத்தலைவர் என்று கீழே போட்டிருந்தார்கள்.

அப்புறம் நடந்ததை யாராலும் தடுக்க முடியவில்லை. மாடிப்படியில் நின்று அவள், "எனக்கு இஷ்டம் இல்லைங்க, தயவுசெஞ்சு போங்க" என்றாள். இரண்டாவது மறுப்பு என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. கோபத்தில் ஜன்னலைத் திறந்து, "ஒரு தடவை சொன்னா புரியாதா?" என்று கத்தினாள். தாத்தாவின் அதே கண்டிப்பு என்று கிழவர்கள் உருகினார்கள். அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லத் தெரு நிரம்பியது. நோயாளிகள் மாடி ஏற முடியவில்லை. செருப்புக்கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

துணை அவளுக்குப் போன் போட்டார். இந்த முறை உண்மையை உடைத்துவிடுவது என்று தீர்மானமாக இருந்தார்.

"பாப்பா, அன்னிக்கு நீ என்கிட்ட ஒண்ணு கேட்டியே..."

"நானே சொல்லணும்னு இருந்தேன் சித்தப்பா. இங்க வர்றவன் எல்லாம் நடிக்கிறான். உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு. நீங்க ஒருத்தர்தான் மனசுல பட்டதை நேரா வேண்டாம்னு சொன்னீங்க. உங்களை நினைச்சாத்தான் இந்தக் கட்சி மேலயே ஒரு மரியாதை வருது. ம், சொல்லுங்க, என்ன கேட்டேன்?"

"ஒண்ணும் இல்லம்மா. ஊசி போட்ட இடத்துல சுடுதண்ணி ஒத்தடம் கொடுக்கலாமான்னு..."

"வேண்டாம். ஐஸ் வைங்க."

கடைசியில் அவள் இறங்கி வந்தாள். "ஒரு வருஷம் இருக்கேன். முதல்ல எல்லாரும் இந்தத் தெருவைக் காலி பண்ணுங்க, மத்தவங்க பொழப்பைப் பாக்கட்டும்" என்றாள். பொதுக்குழுவில் அவள் பெயரை முன்மொழிந்தது யார் என்று சொல்லவேண்டியதில்லை. ரத்தம், எலும்பு இரண்டையும் சொல்லிவிட்டு மூக்கை மட்டும் தவிர்த்தார். அதுதான் அவர் செய்த புரட்சி.

முதல் செயற்குழுக் கூட்டத்தில் அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள். "யார் யாருக்கு என்ன வேலைன்னு பிரிக்கணும். ஒவ்வொருத்தரா சொல்லுங்க, யாருக்கு என்ன வேணும்?"

அறையில் ஒரு சங்கடம் பரவியது. அப்படி யாரும் அங்கே கேட்டதே கிடையாது.

பொருளாளர் முந்திக்கொண்டார். நெஞ்சில் கைவைத்து, "எனக்குப் பதவியெல்லாம் தூசுங்க தலைவரே. இந்தச் சுமையைத் தூக்கித் தூக்கித் தோளே தேஞ்சுபோச்சு. யாராவது வாங்கிக்கிட்டா நிம்மதியா இருப்பேன்" என்றார்.

"அச்சச்சோ, இதை யாருமே உங்ககிட்ட கேக்கலையா? இன்னிக்கே இறக்கி வச்சிடுங்க அங்கிள். நல்லா ரெஸ்ட் எடுங்க." தாளில் அவர் பெயரை அடித்தாள். கேலி இல்லை, குத்தல் இல்லை. உண்மையான பரிவு. பொருளாளரின் வாய் திறந்தது, திறந்தபடியே இருந்தது.

அடுத்து இளைஞர் அணித் தலைவர். பேரன் எடுத்த மனிதர். அவர் பாதி எழுந்து, "தலைமை எதைக் கொடுத்தாலும், கொடுக்கலேன்னாலும்..." என்றார்.

"கொடுக்கலேன்னாலும் பரவாயில்லையா? ரொம்ப நன்றி" என்று அவர் பெயரையும் அடித்தாள்.

வரிசை துணையை நோக்கி நகர்ந்து வந்தது. 'நான் என்றும் இந்தக் கட்சியின் கடைக்கோடித் தொண்டன்' என்ற வாக்கியம் தொண்டைவரை வந்து முட்டியது. அதைச் சொன்னால் கடைக்கோடிக்கே அனுப்பிவிடுவாள். பல்லைக் கடித்து உள்ளே தள்ளினார்.

"நீங்க சொல்லுங்க சித்தப்பா. உங்களுக்கு என்ன வேணும்?"

வேணும் என்ற சொல்லைப் பொது இடத்தில் அவர் உச்சரித்ததே இல்லை. ஓட்டு வேணும், நீதி வேணும் என்று முழங்கியதுண்டு, எனக்கு வேணும் என்று ஒருபோதும் இல்லை. பொம்மைக்கடையில் நிற்கிற பையனைப்போலக் குரல் கீச்சிட்டது. "எனக்கு வேணும்."

"எது?"

"இதுதான். நான் இப்ப இருக்கறது. துணைத்தலைவர்."

"அவ்வளவுதானா? சரி." டிக் அடித்துவிட்டு அடுத்தவரிடம் போனாள்.

தப்பித்தோம் என்ற நிம்மதி காரில் ஏறும்வரைதான் தாக்குப்பிடித்தது. முதல் சிக்னலில் வண்டி நின்றபோது உறைத்தது. என்ன வேணும் என்றுதானே கேட்டாள்? எது வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். பொதுச்செயலாளர் பதவி காலியாக இருந்தது. ஒரு வருஷம் கழித்து நாற்காலி என்று இப்போதே பேசி வைத்திருக்கலாம். ஆயுளில் முதல்முறையாக வாய்திறந்து ஆசைப்பட்டதை, ஏற்கெனவே கையில் இருந்த பொருளுக்காகச் செலவழித்துவிட்டு வந்திருந்தார்.

"ஏன் ஐயா சிரிக்கிறீங்க?" என்றார் டிரைவர்.

"சிரிக்கலப்பா. பல்லு எடுத்த இடம் கூசுது."

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். கிளினிக்கில் கண்ணை மூடிக்கொண்ட கதையை அன்றுதான் முதல்முறையாகச் சொன்னார். அவள் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல், மடித்த துணியிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, நான் கேக்கறேன், உண்மையைச் சொல்லுங்க" என்றாள் மூச்சுவாங்கியபடி. "அந்த நாற்காலி உங்களுக்கு நெசமாவே வேணுமா? தினம் அத்தனை பேரு, அத்தனை சண்டை. உக்காந்தா தூக்கம் போயிடும். வேணுமா?"

துணை யோசித்தார். இதற்கு முன் இதை யோசித்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"நாற்காலிகூட இல்லடி" என்றார் மெல்ல. "இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்ல அவ?"

மனைவி சிரிப்பை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கன்னத்தைத் திருப்பி வீக்கம் வடிந்திருக்கிறதா என்று பார்த்தாள். "வடிஞ்சிருக்கு" என்றாள்.

அந்த ஒரு வருஷம் முடிந்தது. யாரும் அதைப்பற்றிப் பேசவில்லை, அவளும் பேசவில்லை. கிளினிக்கை அவளுடைய தோழி ஒருத்தி எடுத்து நடத்துகிறாள். கட்சி முன்னைவிட நன்றாகத்தான் ஓடுகிறது. செயற்குழுவில் இப்போதெல்லாம் எல்லோரும் எழுந்து நின்று எனக்கு அது வேணும், இது வேணும் என்று சந்தையில் கூவுவதுபோலக் கூவுகிறார்கள். அந்த இரைச்சலில் தலைவருக்குப் பக்கத்து இருக்கையில் துணை அமர்ந்திருப்பார். அவருடைய குரல்தான் அதில் சத்தம் குறைவு. இன்னும் பழகவில்லை, பழகிவிடும் என்கிறார்.