ஸ்டானி வீட்டில் கை காட்டிய ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு ஸ்டானிஸ்லாஸ் போன் செய்து, "மாமு, ஒரு அவசரம், உடனே கெளம்பி வா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். யாருக்கு என்ன ஆச்சோ என்று வியாசர்பாடியிலிருந்து ராயபுரத்துக்கு லுங்கியோடு வண்டியை விரட்டினேன். இரும்புப் படியேறி முதல் மாடிக்குப் போனால், ஸ்டானி ஐயா கூடத்து நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் புதுத் துடைப்பம். அதன் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

"இன்னாடா அவசரம்?"

"ஃப்ளோரன்ஸ் சாய்ங்காலம் நாலு மணிக்கு வர்றா மாமு. பாப்பாவோட."

"நல்ல சேதிதான? மூஞ்ச ஏன் இப்டி வெச்சிகினு கீற?"

"வூட்ட பாரு."

பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். கட்டில் மேல் துவைத்த துணியும் துவைக்காத துணியும் ஒரே மலையாகக் கிடந்தன. பாத்திரத் தொட்டியில் எந்த மாதத்துச் சாம்பாரோ, காய்ந்து ஓடாகியிருந்தது. ஜன்னல் கம்பியில் உப்புக் காற்றும் லாரிப் புகையும் சேர்ந்து ஒரு விரல் கனத்துக்குப் பிசுக்கு. மூலையில் பிரியாணி டப்பாக்கள், ஒன்றின் மேல் ஒன்றாக, ஹார்பரில் கன்டெய்னர் அடுக்குவது போல நேர்த்தியாக அடுக்கப்பட்டிருந்தன. தொழில் புத்தி போகுமா?

அவன் மனைவி ஃப்ளோரன்ஸ் பிரசவத்துக்காகக் காத்திவாக்கத்துக்கு அம்மா வீடு போய் ஐந்து மாதம். பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம். நேற்று ராத்திரி அவள் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டாளாம்: "வூடு கலீஜா இருந்துச்சின்னா, வந்த ஆட்டோலயே புள்ளய தூக்கிகினு திரும்பிடுவேன். அப்பால வருஷம் முழுக்க நீ தனியாவே கெட." சொன்னால் செய்கிறவள் அவள்.

"வரான்னு எப்பலேந்து தெரியும்?"

"பத்து நாளா."

"பத்து நாளா இன்னாடா பண்ண?"

"தெனம் தொடப்பத்த எட்துகினு குந்துறேன் மாமு. எதுலேந்து ஆரம்பிக்கறதுனு தெர்ல. அதுக்குள்ள டூட்டிக்கு டைம் ஆயிடுது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மொதல்ல அந்தத் துணிய எட்றா, சோம்பேறி!" என்று கத்தினேன். கத்தும்போது என் வலக்கை தானாக மேலே போய், ஆள்காட்டி விரல் வானத்தைப் பார்த்து ஒரு வட்டம் போட்டது. ஸ்டானி சட்டென்று எழுந்தான். நேராகக் கட்டிலுக்குப் போய் அந்தத் துணி மலையை இரண்டு கையாலும் அப்படியே அள்ளித் தூக்கிக்கொண்டு, என்னைப் பார்த்தபடி நின்றான். வேலையில் அடுத்து என்ன என்று கேட்கிற அதே பார்வை.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஹார்பரில் எட்டு வருஷமாக அவன் கிரேன் ஆப்பரேட்டர், நான் அவனுக்கு சிக்னல்மேன். மேலே கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கப்பலின் வயிற்றுக்குள் இருக்கும் சரக்கு தெரியாது. விளிம்பில் நிற்கும் என் கைதான் அவனுக்குக் கண். விரல் மேலே சுற்றினால் தூக்கு. கீழே சுற்றினால் இறக்கு. சுற்றும் விரலுக்கு மேலே இன்னொரு உள்ளங்கையைக் குடையாகப் பிடித்தால் மெதுவாக. இரண்டு கையையும் விரித்தால் முடிந்தது, விட்டுவிடு. நான் கை காட்டாமல் இருபது டன் இரும்புச் சுருளை ஒரு அங்குலம்கூட நகர்த்த மாட்டான். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் ஊறிப்போயிருக்கிறது. இத்தனை நாளும் இங்கே கை காட்ட ஃப்ளோரன்ஸ் இருந்தாள், அவ்வளவுதான் விஷயம்.

சாவிக்கொத்தில் விசில் இருந்தது. ஊதினேன்.

அப்புறம் நடந்ததை நானே நம்பவில்லை. நாற்காலி மேல் ஏறி நின்று நான் கை காட்ட, துணியெல்லாம் வாளிக்குள் இறங்கியது. டப்பாக்கள் குப்பைப் பைக்குள் போயின. ஓடாகக் காய்ந்த சாம்பாரைக் கம்பி நார் போட்டுத் தேய்த்தபடி அவன் மாதா கோயில் பாட்டைச் சத்தமாகப் பாட ஆரம்பித்தான். விசில் சத்தம் கேட்டு எதிர்வீட்டுக் கரோலின் அக்கா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "இன்னாபா, வூட்டுக்குள்ளயே டிராபிக் போலீஸா?" என்று கேட்டுவிட்டுப் போகாமல் அங்கேயே நின்று வேடிக்கை பார்த்தாள். பதினொரு மணிக்கு என் மனைவி ராஜாத்தி போன் செய்தாள். ஸ்டானி வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். "வூட்டுக்கு வா, இங்கயும் ஒரு கப்பல் நிக்கிது" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இரண்டு மணிக்குத் தரை பளபளவென்று இருந்தது. பினாயில் வாசனை படி வரைக்கும் அடித்தது. கடைசி வேலை தூளி. ஃப்ளோரன்ஸின் பழைய நூல் சேலையைக் கூரைக் கொக்கியில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினான். கட்டியதும் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிவந்து அதில் வைத்துப் பத்து நிமிஷம் தொங்கவிட்டான். கீழே படுத்துக்கொண்டு முடிச்சு நகர்கிறதா என்று பார்த்தான்.

"டேய், கொழந்தைக்கா கட்ற, கோயில் மணிக்கா?"

அவன் சிரிக்கவில்லை. படுத்தபடியே, கூரையைப் பார்த்துக்கொண்டு, "மாமு, நான் அத்த இன்னும் தூக்கவே இல்ல" என்றான்.

"எத்த?"

"பாப்பாவ. ஞாயித்துக்கெழம தவறாம போறேன். எல்லாரும் தூக்குறாங்கோ. எனக்கு மட்டும் கை வர மாட்டுது. கழுத்து நிக்கல, எங்க புடிச்சாலும் வழுக்குது. கொக்கி கெடியாது, பெல்ட்டு கெடியாது. எங்க புடிக்கிறது சொல்லு? இங்க வந்துட்டா டபாய்க்க முடியாதுல்ல."

பத்து நாளாகத் துடைப்பத்தோடு அவன் ஏன் உட்கார்ந்திருந்தான் என்று அப்போதுதான் புரிந்தது. இதைப் போய்ச் சோம்பேறி என்று திட்டினேனே. அவன் தோளைத் தட்டி, "நான் கீறன்ல?" என்றேன். வேறென்ன சொல்ல.

நாலு மணிக்கு வரவேண்டிய ஆட்டோ எர்ணாவூரில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. தினமும் நாங்கள் திட்டும் அதே நெரிசல், அன்றைக்கு ஸ்டானிக்கு, விட்டுப்போயிருந்த ஜன்னல் கம்பியைத் துடைக்க ஒரு மணி நேரம் கொடுத்தது. ஐந்து மணிக்கு ஃப்ளோரன்ஸ் தோளில் குழந்தையோடு படியேறி வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். ஜன்னல் கம்பியில் விரலை வைத்து இழுத்து, விரலைப் பார்த்தாள். அப்புறம் கீழே எட்டிப் பார்த்து, "அண்ணே, நீங்க போலாம்" என்று ஆட்டோக்காரருக்குக் குரல் கொடுத்தாள். ஸ்டானி முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"லோகண்ணா, நீங்க செஞ்சீங்களா?" என்று என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"நான் ஒரு கரண்டியக்கூட தொடலமா. மாதா மேல சத்தியமா எல்லாம் அவன்தான்."

"அப்ப சரி." அவள் தோளிலிருந்து குழந்தையை எடுத்து அவனிடம் நீட்டினாள். "தூங்கிட்டா. தூளில போடு."

ஸ்டானி என்னைப் பார்த்தான். பிறகு மெல்லிய குரலில், "எவ்ளோ வெயிட்டு?" என்று கேட்டான்.

"போன வாரம் ஊசி போட்டப்போ அஞ்சரை கிலோ. புடியேன், கை வலிக்குது."

வாங்கிக்கொண்டான். முழங்கை இரண்டும் மரக்கட்டையாக விறைத்திருந்தன. தூளிக்கு மூன்றே அடி. நான் ஜன்னலோரம் போய், அவன் கண்ணுக்கு நேராக நின்றுகொண்டேன். வலது விரலைக் கீழே காட்டிச் சுற்றினேன், அதன் மேல் இடது உள்ளங்கையைக் குடையாகப் பிடித்தேன். மெதுவாக இறக்கு. அவன் என் விரலை விட்டுக் கண்ணெடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்தான். நெற்றியில் வேர்வை. பாதி தூரம் இறங்கியிருக்கும், குழந்தை தூக்கத்திலேயே கையை நீட்டி அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது.

அவன் குனிந்து அந்தக் கையைப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை. நான் மட்டும் விரலைச் சுற்றிக்கொண்டே நின்றேன்.

குழந்தையின் முதுகு சேலையில் பட்டது. கொக்கி லேசாகக் கிறீச்சிட்டது. சரக்கு தரையில் பட்டதும் செய்ய வேண்டியதை நான் செய்தேன், இரண்டு கையையும் அகல விரித்தேன். முடிந்தது, விட்டுவிடு. எட்டு வருஷத்தில் முதல்முறையாக அவன் என் சிக்னலைக் கவனிக்கவில்லை. தூளிக்குள் போன அவன் கைகள் இரண்டும் குழந்தைக்கு அடியிலேயே இருந்தன.