ஆறு பி கீழே வந்தபோது

யதுஷாவின் தண்ணீர்ப் போத்தலைக் கழுவ எடுத்த அருந்ததி, அது கனமாக இருக்கவே மூடியைத் திறந்து பார்த்தாள். காலையில் ஊற்றிக் கொடுத்த தண்ணீர் கழுத்து வரைக்கும் அப்படியே இருந்தது. கொள்ளுப்பிட்டியிலுள்ள காப்புறுதிக் கம்பனியில் வேலை முடிந்து, பஸ் பிடித்து, வெள்ளவத்தை வீட்டுக்கு அவள் வந்துசேர எப்படியும் இருட்டிவிடும். அதற்குள் கணவன் கிஷாந்த் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்து, சாப்பாடு கொடுத்து, பெட்டியையும் போத்தலையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, காலி வீதியிலிருக்கும் தன்னுடைய போன் திருத்தும் கடைக்குத் திரும்பியிருப்பான். அன்று மகளுக்குக் காய்ச்சல் என்பதால் எல்லாம் போட்டது போட்டபடி கிடந்தன.

"இதென்ன, நீ தண்ணி குடிக்கிறேல்லையோ?"

கட்டிலில் படுத்திருந்த யதுஷா சுவர்ப் பக்கம் திரும்பினாள். "குடிச்சனான்."

"போத்தல் நிறைய இருக்கு, பிள்ளை."

"எனக்குத் தாகம் இல்லை."

கிஷாந்த் கடை பூட்டி வந்ததும் அவனிடம் கேட்டாள். "ஓம், எப்பவும் நிறையத்தான் வரும். பக்கத்தில இருக்கிற ரொஷேலின்ர போத்தல்ல குடிக்கிறாளாக்கும் எண்டு நினைச்சன்" என்றான். சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவனுடைய முகம் மாறிவிட்டது.

அடுத்த நாள் பாமன்கடைப் பக்கத்து டொக்டரிடம் போனார்கள். சிறுநீரில் கிருமித் தொற்று என்றார். பிறகு அருந்ததியை விட்டுவிட்டு யதுஷாவின் பக்கம் குனிந்து, பள்ளிக்கூடத்தில் எத்தனை தரம் டொய்லட் போவாய் என்று கேட்டார். யதுஷா தாயை ஒரு தரம் பார்த்துவிட்டு, "போறேல்லை" என்றாள்.

"ஏன்?"

"டொய்லட் கீழ இருக்கு. நான் மேல இருக்கிறன்."

யதுஷாவுக்குப் பிறந்ததிலிருந்தே கால்கள் அவள் சொல்கேட்பதில்லை. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் வகுப்பறைகள் கீழ்த்தளத்தில் இருந்ததால் சக்கரநாற்காலியில் போய் வந்தாள். ஆறாம் வகுப்பு மூன்றாம் மாடிக்குப் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் லிப்ட் கிடையாது. காலையில் கிஷாந்த் அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு படியேறி, வாங்கில் இருத்திவிட்டு வருவான். பள்ளி விட்டதும் மறுபடி போய் இறக்குவான். அதுவரை அவள் அந்த வாங்கிலேயே இருப்பாள். இடைவேளையில் ரொஷேல் கன்ரீனுக்கு ஓடிப்போய் இரண்டு பேருக்கும் பணிஸ் வாங்கி வருவாள். இந்த ஏற்பாட்டுக்குச் சம்மதித்ததற்காக அருந்ததி வருடத் தொடக்கத்தில் அதிபரின் கையைப் பிடித்து நன்றி சொல்லியிருந்தாள். அவருடைய பிறந்தநாளுக்குக் கேக் செய்து அனுப்பியிருந்தாள். மகள் காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் தண்ணீர் குடிக்காமல், அடக்கிக்கொண்டு அந்த வாங்கில் இருந்திருக்கிறாள் என்பதோடு சேர்த்து அந்தக் கேக்கும் இப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது.

அதிபர் மாக்ரெட் மிஸ் கெட்டவர் அல்ல. கொட்டாஞ்சேனையிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி, எல்லாருக்கும் முன்னால் வந்து கேற்றடியில் நிற்பவர். அருந்ததி சொன்னதையெல்லாம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"கீழ எந்த ரூமைத் தரட்டும், சொல்லுங்க? சின்னப் பிள்ளைகளை மேலே ஏத்த ஏலாதுதானே."

"கீழ இருக்கிற ஸ்மார்ட் கிளாஸ் சும்மாதானே மிஸ் பூட்டிக் கிடக்குது?"

"அது லண்டனில இருக்கிற பழைய மாணவிகள் போட்டுத் தந்தது. கம்ப்யூட்டர், ஏசி எல்லாம் இருக்கு. அவங்களைக் கேக்காமல் வகுப்பாக்க எனக்கு அதிகாரம் இல்லை." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அருந்ததி, நான் ஒரு சகோதரி மாதிரிச் சொல்றேன். இப்படியான பிள்ளைகளுக்கென்றே ஸ்கூல் இருக்கு. அங்கே அவங்களுக்கு எல்லா வசதியும் இருக்கும்."

"அங்க தமிழில படிப்பிக்கிறாங்களா மிஸ்? அவள் கணக்கில போன தவணை வகுப்பிலயே முதலாவது."

மாக்ரெட் மிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

வலயக் கல்வி அலுவலகத்துக்கு அரைநாள் லீவு போட்டு மூன்று தரம் போனாள். அங்கிருந்த அதிகாரியுடன் சிங்களத்தில் கதைத்தாள். கந்தோர் வேலையில் பழகிய சிங்களம்தான். ஆனால் மகள் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்பதைச் சொல்ல வந்த இடத்தில் சொற்கள் கிடைக்காமல் நின்றுவிட்டாள். அந்த மனிதர் அவளுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். பார்க்கலாம் நோனா என்று மரியாதையாகச் சொன்னார். மூன்று தரமும் பார்க்கலாம் என்றார். கடைசியில் கந்தோரில் கூட வேலைசெய்யும் ஸமீம்தான், மனித உரிமை ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்யலாம் என்று சொல்லி, தானே கூட்டிக்கொண்டும் போனாள்.

விசாரணை நாளில் மாக்ரெட் மிஸ்ஸும் அவளும் நடைபாதையில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டியிருந்தது. மிஸ் கைப்பையிலிருந்து செபமாலையை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார். முப்பது வருடம் படிப்பித்த பெண்ணை நான் இங்கே கொண்டுவந்து இருத்தியிருக்கிறேன் என்று அருந்ததி நினைத்தாள். உள்ளே போனதும் அந்த நினைப்பைத் தள்ளிவைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். வகுப்பைக் கீழே கொண்டுவருவதாக மிஸ் ஒப்புக்கொண்டார். வாசலில் ஸமீம் அவளைக் கட்டிப்பிடித்தாள். பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் இருந்து அருந்ததி யாருக்கும் தெரியாமல் அழுதாள்.

வகுப்பு கீழே வந்தது. ஸ்மார்ட் கிளாஸுக்கு அல்ல. கன்ரீனுக்குப் பின்னால் உடைந்த மேசை கதிரை போட்டுவைத்திருந்த களஞ்சிய அறையை ஒழித்து, சுண்ணாம்பு அடித்து, ஆறு பி என்று எழுதி ஒட்டினார்கள். தகரக் கூரை. ஒரு ஜன்னல். ஒரேயொரு காற்றாடி. யதுஷாவின் நாற்காலி உள்ளே போகவும், பக்கத்திலிருந்த டொய்லட் வாசல் வரை போகவும் ஒரு சரிவுப் பலகை போட்டார்கள். பத்து மணிக்கு மேல் அறை அவியத் தொடங்கியது. கன்ரீனிலிருந்து எண்ணெய்ப் புகை வந்தது. முதல் கிழமையே இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள்.

பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் அதுவரை வீட்டுப்பாடம் கேட்டும் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லியும் வந்தவர்கள் இப்போது வேறு எழுதினார்கள். 'ஒரு பிள்ளைக்காக முப்பத்தைந்து பிள்ளைகளை வேக வைக்கிறதோ?' 'எங்கட பிள்ளையளுக்கு உரிமை இல்லையா?' யதுஷாவின் பெயரை யாரும் எழுதவில்லை. அருந்ததி எதற்கும் பதில் போடவில்லை. குழுவை விட்டு விலகவும் மனம் வரவில்லை. விலகினால் தோற்றது போலாகிவிடும்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்த கையோடு ரொஷேலின் தாய் வீட்டுக்கு வந்தாள். தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள்.

"பிழையா நினைக்காதீங்க அருந்ததி. ரொஷேலுக்கு வீசிங் இருக்குத்தானே. அந்த ரூம்ல தூசியும் புகையும். ரெண்டு தரம் நெபுலைஸ் பண்ணப் போனோம். நான் மிஸ்ட கேட்டு அவளை ஆறு ஏ வகுப்புக்கு மாத்திட்டேன்."

"மேலயா?"

"ஓம். நாளையிலேருந்து." கண் கலங்கியிருந்தது அவளுக்கு. "உங்கட இடத்துல நான் இருந்தாலும் நீங்க செஞ்சதைத்தான் செஞ்சிருப்பேன். அதுதான் முகத்தைப் பார்த்துச் சொல்ல வந்தேன்."

அவள் போனபிறகு யதுஷா அறையிலிருந்து சக்கரத்தை உருட்டிக்கொண்டு வெளியே வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். வாட்ஸ்அப்பையும் அவள் முன்பே வாசித்திருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"நான் திரும்ப மேல போறன்."

"விசர்க் கதை கதையாத. தண்ணி குடிக்காமல் திரும்பவும் வருத்தம் வந்து படுக்கவோ?"

"நான் சமாளிச்சனான்தானே. நீங்கள் எல்லா இடமும் போய்ச் சொன்னீங்கள். கந்தோரில சொன்னீங்கள். ஆமி மாதிரி நிண்டு சண்டை பிடிச்சீங்கள். என்னட்ட ஒருக்கா எண்டாலும் கேட்டனீங்களா?" நீளமாகப் பேசும்போது அவளுடைய நாக்கு குழறும். அதைத் தெரிந்துகொண்டே நீளமாகப் பேசினாள். "இப்ப முழுக் கிளாஸுக்கும் தெரியும், நான் மூத்திரம் போறதுக்குத்தான் எல்லாரும் கீழ வந்தது எண்டு."

அருந்ததிக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். அதை யாரிலாவது இறக்கவேண்டும் போலிருந்தது. வாசலில் நின்ற கிஷாந்திடம் திரும்பினாள். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"விடுவம் அருந்ததி. பிள்ளையே சொல்லுறாள். நான் தூக்கிறன்."

"எத்தினை வயசு மட்டும் தூக்குவீங்கள்?"

போன மாதம் படியில் கால் சறுக்கி, சுவரில் சாய்ந்து தப்பியதை அவன் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. யதுஷாவும் சொல்லவில்லை. அந்த ஒரு நிமிடத்தில் தகப்பனும் மகளும் ஒருவரையொருவர் பார்த்த பார்வையில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று மட்டும் அருந்ததிக்கு விளங்கியது. அன்றிரவு கிஷாந்தே அதைச் சொன்னான்.

பெற்றோர் கூட்டம் அடுத்த சனிக்கிழமை. மண்டபம் நிறைந்திருந்தது. மாக்ரெட் மிஸ் ஒரு யோசனை வைத்தார். வகுப்பு பழையபடி மேலே போகட்டும். யதுஷா கீழே நூலகத்தில் இருந்து, கொரோனா நேரத்தில் எல்லாரும் படித்த மாதிரி, திரையில் பாடத்தைப் பார்க்கலாம். ஒரு ஆசிரியை கூட இருப்பார். தாய் சம்மதித்தால் ஆணைக்குழுவுக்கு அப்படியே அறிவித்துவிடலாம். "விருப்பமானவங்க கையை உயர்த்துங்க" என்றார். மண்டபத்தில் கைகள் உயர்ந்தன. ரொஷேலின் தாய் கடைசி வரிசையில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தாள்.

அருந்ததி எழும்பினாள். ஒரு கிழமையாகத் தனக்குள் பேசிப் பார்த்தவை எல்லாம் மறந்துவிட்டன.

"நூலகத்தில தனிய இருந்து திரையைப் பாக்கிறதெண்டால் அவள் வீட்டிலயே இருக்கலாம். அவள் பள்ளிக்கூடம் வாறது மற்றப் பிள்ளையளோட இருக்க" என்றாள். "அந்த அறை சூடு. எனக்குத் தெரியும். என்ர பிள்ளையும் அதுக்குள்ளதான் இருக்கிறாள். நீங்கள் எல்லாரும் மேல போறதுக்குக் கை உயர்த்துறீங்கள். பூட்டிக் கிடக்கிற நல்ல அறையைத் திறக்கச் சொல்லி ஒரு கை உயரேல்லையே."

"அதுவும் சரிதானே" என்று எங்கேயோ ஒரு ஆண் குரல் கேட்டது. யாரென்று திரும்பிப் பார்த்தபோது எல்லாரும் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லண்டனுக்கு எழுதிப் பார்க்கிறேன், பதில் வரும்வரை இப்படியே இருக்கட்டும் என்று மாக்ரெட் மிஸ் கூட்டத்தை முடித்தார்.

வெளியே வரும்போது கணித ஆசிரியர் பிரதீஸ் அவளை மறித்தார். அட்டன் பக்கத்து இளைஞர். வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"மேடம், யதுஷா ரெண்டு நாளா வகுப்புல வாயே தொறக்கிறதில்ல. விடை தெரிஞ்சாலும் கை தூக்க மாட்டேங்குது. நான் கேட்டா, தெரியாதுன்னு சொல்லுது." கொஞ்சம் தயங்கினார். "எனக்கு என்ன செய்யிறதுன்னு தெரியல மேடம். நீங்க தெரிஞ்சுக்கணும்னு தான் சொன்னேன்."

அன்று பின்னேரம் அருந்ததி மகளின் கட்டிலில் போய் இருந்தாள். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வந்தவளுக்கு எதற்கு என்று தெரியவில்லை. கேட்காமல் செய்ததற்கா, கேட்டிருந்தாலும் இதையேதான் செய்திருப்பேன் என்பதற்கா?

"உன்னட்ட கேட்டிருக்கோணும்" என்றாள்.

"இப்ப கேட்டு என்ன செய்ய?"

"இனிக் கேக்கிறன். லண்டன்காரர் ஓம் எண்டு சொன்னால் அந்த அறைக்குப் போவமா?"

"ரொஷேல் வருவாளா?"

"தெரியாது, குஞ்சு."

யதுஷா போர்வையை இழுத்துக்கொண்டாள்.

ஒக்டோபர் மழை அந்தக் கிழமைதான் தொடங்கியது. புதன்கிழமை காலி வீதியில் தண்ணீர் நிற்பதாகவும் தன்னால் கடையை விட்டு வர ஏலாதென்றும் கிஷாந்த் போன் எடுத்தான். அருந்ததி கந்தோரில் சொல்லிவிட்டு நேரத்தோடு புறப்பட்டாள். பள்ளிக்கூடத்துக்குள் வந்தபோது பள்ளி விட இன்னும் நேரமிருந்தது. கன்ரீன் தாழ்வாரத்தில் குடையை மடக்கிக்கொண்டு, அந்த ஒற்றை ஜன்னலருகே மகளுக்குத் தெரியாமல் நின்றாள்.

தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே பிரதீஸ் சேரின் வாய் அசைவது தெரிந்தது, ஒரு சொல்லும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கும் கேட்கவில்லை. அவர் கையை விரித்துக் காட்டிவிட்டு, பேசுவதை விட்டு, கரும்பலகையில் எழுதத் தொடங்கினார். பலகை நிறைய எழுதினார். பிள்ளைகள் எல்லாரும் குனிந்து பார்த்து எழுதினார்கள். மூலையில் ஒழுகிய இடத்தில் யாரோ ஒரு வாளியை வைத்திருந்தார்கள். ரொஷேலின் கதிரை வெறுமையாக யதுஷாவின் பக்கத்தில் கிடந்தது. அதன்மேல் ஈரமான புத்தகப் பைகளை அடுக்கியிருந்தார்கள்.

ஒவ்வொருவராக எழுதி முடித்து நிமிர்ந்தார்கள். இடமில்லாமல் போகவே சேர் டஸ்டரை எடுத்து இடது பக்கத்திலிருந்து அழித்துக்கொண்டு வந்தார். பாதி பலகை அழிந்திருக்கும். யதுஷாவின் தலை இன்னும் குனிந்தே இருந்தது. அவளுடைய கை எழுத்தெழுத்தாகத்தான் நகரும். நிமிர்ந்து பலகையைப் பார்த்தாள். மறுபடி குனிந்தாள். சேரின் கை அப்படியே நின்றது.

வகுப்பு முழுவதும் காத்திருந்தது. ஒருத்தி பென்சிலைப் பல்லில் தட்டினாள். ஒருத்தி பெருமூச்சு விட்டுக் கூரையைப் பார்த்தாள். முன் வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெட்டை முழுவதுமாகத் திரும்பி, கதிரையின் முதுகில் நாடியை வைத்து, யதுஷாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் இருந்தது என்னவென்று ஜன்னலுக்கு வெளியே நின்ற அருந்ததியால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. யதுஷா தலையை நிமிர்த்தவில்லை, வேகப்படுத்தவும் இல்லை. மழை இன்னும் பலமாக இறங்கியது. பலகையின் அழியாத பாதிக்கு முன்னால், சோக்குத் தூள் உதிர, டஸ்டர் அந்தரத்தில் நின்றது.