அமலிக்கு ஊற்றிய தண்ணீர்

மகள் ரெஜினா இறந்த பிறகு ஆரோக்கியசெல்வி கோயில் பக்கம் போவதை விட்டுவிட்டாள். டெங்குக் காய்ச்சலில் கிடந்த பிள்ளையை ஆஸ்பத்திரிக் கட்டிலில் விட்டுவிட்டு, மாதா சிலை இருந்த கெபியின் முன் முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் உயிர் போனது. "அம்மா எங்க, அம்மா எங்கன்னு கேட்டுக்கினே இருந்துச்சு" என்று பக்கத்துக் கட்டில்காரி சொன்னதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கடவுளைத் திட்டவும் இல்லை. அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

உறுவையாற்று வீட்டிலிருந்து ஞாயிறுதோறும் கணவன் சின்னப்பன் மட்டும் பூசைக்குக் கிளம்புவான். அவள் துணி ஊறவைப்பாள். ஏன் வரவில்லை என்று அவனும் கேட்டதில்லை.

அரியூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில், பச்சைக் குழந்தைகளின் வார்டில் ஆயாம்மா வேலை அவளுக்கு. தரை துடைப்பாள், துணி மாற்றுவாள். பிழைக்காத பிள்ளைகளை வெள்ளைத் துணியில் சுற்றித் தகப்பன் கையில் கொடுப்பதும் அவள்தான். கை நடுங்காமல் சுற்றுவாள். அதில் அவளுக்கே ஒரு பயம் இருந்தது.

அன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கிருமாம்பாக்கத்து ஜெயசித்ராவுக்கு ஏழாம் மாதத்தில் பிறந்த பெண் குழந்தை, கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது. இனிச் செய்ய ஒன்றுமில்லை, தாயை அழைத்து வாருங்கள் என்றார் டாக்டர். வயிற்றுத் தையலோடு சக்கர நாற்காலியில் வந்த ஜெயசித்ரா அழவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞானஸ்நானம் குடுக்கணும். அவரு வில்லியனூருக்கு வண்டி எடுத்துக்கினு போயிருக்காரு, கோயில் சாமியாரைக் கூட்டியாற. இன்னும் காணோம்."

நர்ஸ் ப்ரீத்தி போன் போட்டுப் பார்த்தாள். மழையில் ரயில்வே கேட் பக்கம் மாட்டிக்கொண்டிருப்பதாக ஜெயசித்ராவின் கணவன் பாக்யராஜ் கத்தியது போனுக்கு வெளியிலும் கேட்டது. ப்ரீத்தி திரும்பினாள்.

"செல்விக்கா, நீங்க கிறிஸ்டியன்தானே? அவசரத்துக்கு யாரு வேணாலும் குடுக்கலாமாமே?"

"பேருக்குத்தான்" என்றாள் ஆரோக்கியசெல்வி. துடைப்பத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஜெயசித்ரா அவள் சேலையை எட்டிப் பிடித்தாள். "யக்கா, நீங்க ஊத்துங்க."

"எனக்கு நம்பிக்கை இல்லம்மா. எல்லாம் விட்டுப்போச்சு. நான் ஊத்துனா சேராது. நீயே ஊத்து."

"என் கையைப் பாருங்க. தண்ணி நிக்குமா இதுல?" அந்தக் கைகள் உதறிக்கொண்டிருந்தன. "நம்பிக்கை எனக்கு இருக்குக்கா. நீங்க ஊத்துனா போதும்."

ஆரோக்கியசெல்வி போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். ப்ரீத்தி ஊசிக்குழலில் வெதுவெதுப்பான சுத்தத் தண்ணீர் கொஞ்சம் எடுத்துக் கொடுத்தாள். பெட்டியைத் திறந்ததும் உள்ளங்கை அளவே இருந்த அந்தத் தலை தெரிந்தது.

"பேரு இன்னா வைக்கிற?"

"அமலி."

"அமலி" என்றாள். ஊசிக்குழலை அந்தத் தலைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு தொடங்கினாள். "அமலி, தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் குடுக்குறேன்." மூன்று முறை துளித்துளியாக ஊற்றினாள். தண்ணீர் காதோரம் இறங்கியது. குழந்தை சிலிர்த்துக்கொண்டு ஒரு காலை நீட்டியது.

பிறகு குழாய்களை எடுத்துவிட்டுத் தாயின் நெஞ்சில் பிள்ளையைக் கிடத்தினார்கள். ஆரோக்கியசெல்வி நகரப் பார்த்தாள்.

"போயிடாதீங்கக்கா."

அவள் நின்றாள். நாற்காலியின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, அந்தச் சின்னப் பாதத்தை விரலால் பிடித்துக்கொண்டாள். அது கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்துபோகும்வரை விடவில்லை. ரெஜினாவின் பாதத்தையோ, அது குளிர்ந்த பிறகுதான் அவள் தொட்டிருந்தாள்.

பாக்யராஜும் சாமியாரும் தெப்பமாக நனைந்து வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பாக்யராஜ் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். நடந்ததைக் கேட்ட சாமியார், "குடுத்தாச்சுன்னா குடுத்ததுதாம்மா. மறுபடி வேணாம்" என்று சொல்லி, குழந்தையின் நெற்றியில் சிலுவை போட்டார். அன்று வெள்ளைத் துணியைச் சுற்றும்போது ஆரோக்கியசெல்வியின் கை நடுங்கியது.

வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றாள். நிழற்குடையில் வேறு யாரும் இல்லை. மழைச் சத்தத்தில் அவள் வாய் தானாகப் பேசத் தொடங்கியது.

"உனக்கு வேற ஆளே கிடைக்கலையா? என்னையா புடிச்ச? எம் பொண்ணு கூப்பிட்டப்போ என்னை உங்கம்மா காலடியில முட்டி போட வச்சிட்டு, இன்னைக்கு எவ பொண்ணுக்கோ நிக்க வைக்கிறியா? சொல்லு. வாயத் தொறந்து சொல்லு!"

பஸ் ஒன்று தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு நிற்காமல் போனது. அவள் அழுதுகொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே அழுதாள். யாரோடு பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது வெகுநேரம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை வருஷமும் அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்ததுபோல ஒரு நினைப்பு வந்தது. அது ஆறுதலாக இல்லை. ஆனாலும் அவள் கையை எடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேசினாள்.

ஞாயிற்றுக்கிழமை சின்னப்பன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது, "இரு, நானும் வர்றேன்" என்றாள். அவன் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

கோயிலில் கடைசித் தூணோடு நின்றாள். பாட்டு ஒன்றுக்கும் வாய் திறக்கவில்லை. சாமியார் கொடுத்த நன்மை அப்பத்தை வாங்கவும் போகவில்லை. இறந்தவர்களுக்காக வேண்டச் சொல்லிச் சாமியார் சற்று மௌனமானபோது, "ரெஜினா" என்றாள், பக்கத்தில் நின்றவனுக்குக் கேட்கும்படி. பிறகு "அமலி" என்றாள். அது யார் என்று தெரியாமலே சின்னப்பன் தலையைக் குனிந்து அந்தப் பெயரையும் திருப்பிச் சொன்னான்.

பூசை முடிந்து அவர்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. கடைத்தெருவில் உதிரி மல்லிகை வாங்கினாள்.

"யாருக்குடி பூ?"

"பால் கட்டிக்கினு துடிச்சிக்கினு கிடக்கும், அமலியப் பெத்த அந்தப் பொண்ணு. பூவ மாருல வச்சுக் கட்டுனா பால் வத்தும். வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, சொல்லிக்குடுக்க அங்க ஆள் இருக்கோ, இல்லையோ."

இருவரும் கிருமாம்பாக்கத்துக்குப் பஸ் ஏறினார்கள்.