முப்பத்தெட்டு டெசிபல் அண்ணன்

என் அண்ணன் ரேடியோ ஆம்ப்ளிஃபயர் செய்கிறான். செய்வதைவிட அதிகமாக அதைப் பற்றிப் பேசுகிறான்; சிக்னலை இருபது டெசிபல், அதாவது நூறு மடங்கு, பெருக்குமாம். வீட்டின் பின்னறை முழுக்க அவனுடைய சர்க்யூட் போர்டும் ஒயரும்தான். அண்ணிக்குத் தையல் வேலை. கட்டில் ஓரத்தில் மெஷினை இடுக்கிக்கொண்டு பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், கடைசியில் ஒரே போடாகப் போட்டாள்.

"நீங்க பீத்திக்கிற இருபது டெசிபல் இந்தத் தடவையும் வரலன்னா, அந்த ரூம் எனக்கு."

"வந்துட்டா ஆயுசுக்கும் ரூம் பேச்சே எடுக்கக் கூடாது" என்றான் அண்ணன்.

நானும் இதே தொழில் என்பதால் நடுவர் பதவி என் தலையில் விழுந்தது. அளக்கும் கருவியைக் கூடத்து மேஜையில் வைத்தேன்.

நெட்வொர்க் அனலைசர் ஒரு முனையில் சிக்னலை அனுப்பி, மறுமுனையில் வாங்கி, எவ்வளவு பெருகியது என்று திரையில் காட்டும். பெருகி வருவது கருவியையே பொசுக்கிவிடக் கூடாதே என்று, வாங்கும் முனையில் அட்டெனுவேட்டர் என்ற சுண்டுவிரல் அளவுப் பித்தளைத் துண்டைத் திருகுவோம். அது வருவதை நூறில் ஒரு பங்காக, அதாவது இருபது டெசிபல், குறைக்கும். ஆம்ப்ளிஃபயரை மாட்டும் முன் கேபிளையும் துண்டையும் மட்டும் வைத்து, "இதுதான் பூஜ்யம்" என்று கருவிக்குச் சொல்லிவிட வேண்டும். பார்த்துப் பார்த்துச் சொன்னேன். பிறகு நானும் அண்ணனும் சாப்பிடப் போனோம்.

கை கழுவிய ஈரம் காயும் முன் அண்ணன் ஓடிவந்து ஆம்ப்ளிஃபயரை மாட்டினான். திரையில் முப்பத்தெட்டு!

அண்ணன் குதித்தான். கூட்டாளிக்குப் போன் போட்டான். "முப்பத்தெட்டுடா! முப்பத்தெட்டு!" அண்ணியின் முகம் தொங்கிப்போனது. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. இவனாவது, முப்பத்தெட்டாவது!

"ஆம்ப்ளிஃபயரைக் கழட்டு. வெறும் கேபிளை மாட்டு."

பூஜ்யம் வரவேண்டிய இடத்தில் இருபது வந்தது.

"பாத்தியா! நான் வாங்குன கேபிளே பெருக்குது! அதுவும் கரண்டே இல்லாம!"

"ஒயர் எங்கயாவது பெருக்குமா? வாய மூடுண்ணே."

கேபிளைத் தடவிக்கொண்டே போனேன். பித்தளைத் துண்டைக் காணோம்; அது குறைக்க வேண்டிய இருபதுதான் திரையில் கூடுதலாக நின்றது. திரும்பிப் பார்த்தால், மேஜையில் வெட்டுவதற்கு விரித்த துணியின் மூலையில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"ஃபேன் காத்துல துணி பறந்துச்சு" என்றாள் அண்ணி. "நல்ல கனமா இருக்கேன்னு கழட்டி வச்சேன். ஒயரை மறுபடி ஒழுங்கா மாட்டிட்டேனே!"

துண்டை அதன் இடத்தில் திருகி மறுபடி அளந்தேன். பதினெட்டு.

"ரெண்டுதானே குறையுது?" என்றான் அண்ணன், போனைக் காதிலிருந்து எடுக்காமலே.

"சட்டையில ரெண்டு இன்ச் குறைச்சுத் தந்தா போட்டுக்குவீங்களா?" என்று கேட்டுவிட்டு, அண்ணி தையல் மெஷினைப் பின்னறைக்குத் தள்ள ஆரம்பித்தாள். வாசற்படியில் நின்று என் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா, அந்தத் துண்டு வர்றதை நூறுல ஒரு பங்காக் குறைச்சிடுமா?"

"ஆமா அண்ணி."

"அப்ப வேலை முடிஞ்சதும் உங்கண்ணன் வாயில திருகிட்டுப் போ."