முழுசாகத் திருகிய குமிழ்

"இந்தக் குப்பையெல்லாம் எப்பத்தான் வீட்ட விட்டுப் போகும்? ரெக்கை முளைச்சுப் பறந்தாத்தான் உண்டு" என்று கணவர் சொன்னார். வாஷிங் மெஷின் பழுதுபார்க்கிற பெண்ணைக் கட்டிக்கொண்டவர் வீட்டில் மோட்டாரும் ரப்பர் குழாயும் கிடக்காமல் பட்டும் பவுனுமா கிடக்கும்? தெருவே மெக்கானிக்கம்மா என்று கூப்பிடும் அவள், பறக்கத்தானே வேண்டும், பறக்கவிட்டே காட்டுகிறேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டாள்.

அதில் நாத்தனார் வந்து சேர்ந்துகொள்வார் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. கணவரின் அக்கா அவர். தையல் ஆலை இரைச்சலில் முப்பது வருஷம் உட்கார்ந்து, இடது காதை முழுசாகவும் வலது காதைப் பாதியாகவும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். அவருக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் அவள் கட்டப்போகும் ராக்கெட்டுக்காகக் குடைத் துணியில் தைத்த பாராசூட்டைப் பார்த்ததும் அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. "இது பாராசூட் இல்ல, கரித்துணி" என்று பிடுங்கிப் பிரித்து, ஒரே மதியத்தில் புதிதாகத் தைத்துக் கொடுத்தார். அதன் பிறகு அவரை விரட்ட முடியவில்லை. இரண்டு மாதம் சண்டை போட்டுக்கொண்டே இருவரும் ராக்கெட் கட்டினார்கள்.

துணி சுற்றி வந்த அட்டைக்குழாய்தான் உடம்பு. பழைய ஃப்ரிட்ஜின் பிளாஸ்டிக் தட்டை அறுத்து மூன்று இறக்கைகள். மூக்குக்கு ஒரு ஷாம்பு பாட்டிலின் தலை. காசு கொடுத்து வாங்கியது அடியில் செருகும் வெடிமருந்துக் குழல் ஒன்றுதான். அதன் வாயில் ஒரு மெல்லிய கம்பி. மின்சாரம் பாய்ந்தால் கம்பி சிவந்து மருந்து பற்றிக்கொள்ளும்.

பற்றவைக்கும் பெட்டி முழுக்க முழுக்க அவளுடைய மூளை. அதைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு. ரெண்டு தொட்டி மெஷினில் துவைக்க நேரம் வைக்கும் குமிழ் ஒன்றை எடுத்து, பழைய பைக் பேட்டரியோடு இணைத்துப் பெட்டிக்குள் வைத்து, நாலு திருகாணி போட்டு இறுக்கிவிட்டாள். குமிழைத் திருகினால் உள்ளே ஸ்ப்ரிங் டிக்டிக்கென்று ஓடும். நாற்பது எண்ணுவதற்குள் இரண்டு தகடுகள் ஒட்டும், ராக்கெட் கிளம்பும். அதற்குள் ஆள் ஓடிப்போய்ச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளலாம், நீள ஒயர் தேவையில்லை.

மூடிக்கிடந்த ஒரு குழாய் ஆலையின் பின்புற மைதானம். காலை பத்து மணி, காற்று அதிகமில்லை. ராக்கெட்டைத் தரையில் நட்ட கம்பியில் நிறுத்தி, பெட்டி ஒயரின் நுனியிலிருந்த கிளிப் இரண்டையும் மருந்துக் குழலில் மாட்டிவிட்டு நாத்தனார் விலகினார். பத்து அடி தள்ளியிருந்த பெட்டியின் குமிழை அவள் கோடிவரை திருகினாள். திருகிவிட்டு இருவரும் மைதானத்தின் ஓரச் சுவருக்கு ஓடினார்கள்.

நாற்பது எண்ணியாயிற்று. ஐம்பதும் ஆயிற்று. ராக்கெட் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் நின்றது.

"புஸ்ஸுன்னு போச்சா?" என்றார் நாத்தனார்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணி. உடனே கிட்ட போகக் கூடாது."

பொறுத்தார்கள். மூன்று நிமிஷம் பொறுப்பது நாத்தனாருக்கு மூன்று யுகம். "கிளிப்புதான் கழண்டிருக்கும். நான் போய்ப் பாக்குறேன்."

"நான் போறேன்."

"மாட்டினது யாரு? நான் மாட்டினத நான்தான் பாப்பேன். நீ உக்காரு." புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவளும் விட்டுவிட்டாள். தகடு ஒட்டவேண்டிய நேரம் போய்விட்டது, இனி என்ன ஆகப்போகிறது என்றுதான் அவளும் நினைத்தாள்.

நாத்தனார் ராக்கெட்டின் அருகே போய் மண்டியிட்டார். மருந்துக் குழலின் வாய் தெரிய, தரையோடு தரையாக முகத்தைச் சாய்த்தார். சுவரைச் சுற்றி வந்து அவளும் பெட்டியை நோக்கிப் பாதி மைதானம் நடந்தாள், சும்மாதான். அப்போது காற்று ஒரு நொடி நின்றது.

டிக், டிக், டிக்.

பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஓடாமல் என்ன செய்யும்? கோடிவரை திருகியவள் அவள்தானே. பதினைந்து நிமிஷ ஸ்ப்ரிங், இதற்கு ஒரு நிமிஷம் திருகியிருந்தாலே போதும். "அரைகுறையாத் திருகாதீங்க, முழுசாத் திருகுங்க, இல்லன்னா டைமர் கெட்டுரும்" என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிச் சொல்லி, அவள் கைக்கே அது பாடமாகிவிட்டது. துவைக்கிற மெஷின் ஒரு தடவை சுற்றிவிட்டு நிற்குமா? இந்தப் பக்கம் சுற்றும், நிற்கும், அந்தப் பக்கம் சுற்றும், மறுபடி நிற்கும். அந்தத் தகடுகள் இதற்குள் ஐந்தாறு தடவை ஒட்டிப் பிரிந்திருக்கும். கிளிப் கழன்றிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. இப்போது நாத்தனார் அந்தக் கிளிப்பைத்தான் சரியாக மாட்டிக்கொண்டிருக்கிறார்.

அவள் இரண்டு கையையும் வாயருகே குவித்தாள்.

"அண்ணி, கைய எடுங்க. அண்ணி."

கத்தியது அவள் காதுக்கே பெரிதாகக் கேட்டது. நாத்தனார் திரும்பவில்லை. அவருடைய இடது காது இந்தப் பக்கம் இருந்தது.

ஓடினாள். அடுத்து எப்போது ஒட்டும் என்று கணக்குப் போட அவளிடம் கணக்கே இல்லை. முப்பது எண்ணிக்கை இருக்கலாம், மூன்றும் இருக்கலாம். செருப்பு ஒன்று எங்கோ போயிற்று. அந்த மனுஷியோடு போட்ட சண்டையெல்லாம் சேர்ந்து கண்முன் வந்தது. தம்பி பெண்டாட்டி கையால் முகம் கருகிப் போனார் என்று ஊர் சொல்லும், சொல்லட்டும். முகம் போனால் யார் கொடுப்பார்கள்?

பெட்டியின் முன் விழுந்தாள். திறக்க முடியாது, நாலு திருகாணி. குமிழைத் திருப்பி நிறுத்த முடியாது, திருப்புகிற வழியிலேயே தகடு ஒட்டிவிடும். ஒயரைப் பிடுங்கலாம் என்றால், இழுத்தால் வராதபடி உள்ளே முடிச்சுப் போட்டு வைத்த கெட்டிக்காரியும் அவள்தான். தன் வேலைத்திறமையை வாழ்நாளில் முதல் தடவையாகச் சபித்தாள்.

பெட்டியை அப்படியே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் பாய்ந்தாள். ஒயர் விறைத்தது, ஒரு வெட்டு வெட்டியது. கிளிப் இரண்டும் நாத்தனாரின் விரலிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தன. ராக்கெட் கம்பியோடு சாய்ந்தது.

"அறிவிருக்கா உனக்கு? இப்பத்தான மாட்டினேன்" என்று நாத்தனார் எழுந்தார்.

அவள் மார்போடு அணைத்திருந்த பெட்டிக்குள் டக்கென்று ஒரு சத்தம். சரளையில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்த கிளிப்புகள் நாத்தனாரின் கால்மாட்டில் படபடவென்று பொறி தட்டின.

நாத்தனார் அதைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். மெல்லக் கீழே உட்கார்ந்தார்.

அவள் வலது காதுப் பக்கம் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். குமிழ், ஸ்ப்ரிங், தகடு, தன் முட்டாள்தனம். ஒன்றையும் பூசி மெழுகவில்லை.

"அப்ப அந்தப் பொறி ரெண்டு நொடி முன்னாடி வந்திருந்தா?"

"உங்க மூஞ்சி இருந்திருக்காது அண்ணி."

நாத்தனார் தன் முகத்தை ஒரு கையால் தடவிப் பார்த்தார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள், அவரும் விடுவித்துக்கொள்ளவில்லை.

"வீட்டுக்குப் போயிரலாம்" என்றாள்.

"எதுக்கு? இப்படியே போனா ராத்திரியெல்லாம் எனக்கு அந்தப் பொறிதான் தெரியும். உன் பையில பழைய ஒயர் இருக்கும்ல, எல்லாத்தையும் முடி. சுவர் வரைக்கும் இழு. டைமரும் வேணாம், ஒண்ணும் வேணாம். பேட்டரிய வெளிய எடு, ஒயர நீயே கையால அதுல தொடு."

"என்னால முடியாது."

"முடியும். நான் எங்க நிக்கிறேன்னு மொதல்ல பாரு. அப்புறம் தொடு."

திருகாணிகளைக் கழற்றி, ஆறு மெஷின்களின் ஒயரை முடிந்து இழுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. ராக்கெட்டை நிமிர்த்தி, இந்தத் தடவை கிளிப்பை அவளே மாட்டினாள். பேட்டரி சுவருக்குப் பின்னால் நாத்தனாரின் காலடியில்தான் இருந்தது, ஒயரின் நுனி அவள் விரலில் இருந்தது. நாத்தனார் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். கையை நீட்டி அவர் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தொட்டாள்.

சீறிக்கொண்டு ஏதோ கிளம்பியது. நாத்தனாரின் முகம் மேலே நிமிர்ந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது, நெற்றியில் மண் ஒட்டியிருந்தது, வெயிலுக்குக் கண்கள் சுருங்கியிருந்தன. அவள் அந்த நெற்றியையும் கண்களையும் மூக்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

எவ்வளவு உயரம் போயிற்று என்று சாயங்காலம் கணவர் கேட்டார். உங்க அக்காவக் கேளுங்க, நான் பாக்கல என்றாள்.