கிந்தா ஆற்றில் சோழக் கப்பல்

1984 ஆகஸ்ட் 11, சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, ஈப்போ ரயில் நிலையத்தின் முன்னாலிருந்து பதினோரு பேரோடு ஒரு வெள்ளை வேன் புறப்பட்டது. ஒன்பது பேர் பெர்த் நகரத்திலிருந்து வந்த சுற்றுப்பயணிகள். பத்தாவது ஆள் ஓட்டுநர் பத்துமலை. பதினோராவது ஆள், கடைசி இருக்கையில் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்திருந்த துரைசிங்கம்.

பத்துமலைக்கு அன்று பரீட்சை. சுற்றுலா வழிகாட்டி என்று சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ் வேண்டுமானால் ஒரு நாள் முழுக்க வண்டி ஓட்டி, ஊரைக் காட்டி, பேசிக் காட்டவேண்டும். வேன் முதலாளி ஆ ஃபூக் கணக்காகச் சொல்லிவிட்டான்: பேட்ஜ் வந்தால் ஓட்டுநரும் வழிகாட்டியும் ஒரே ஆள், வேலை நிரந்தரம், வராவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து வேனைத் தன் தங்கை புருஷன் ஓட்டுவான். முப்பத்தெட்டு வயதில் பத்துமலைக்கு இனி ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போக முடியாது. போக நினைத்தாலும், அவன் பிறந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுப் பன்னிரண்டு வருடமாகிறது. அதன்பிறகு பத்து காஜா என்ற ஊரில் ஒரு வெள்ளைக்காரப் பொறியாளருக்கு ஆறு வருடம் கார் ஓட்டினான். அவன் பேசும் ஆங்கிலம் அந்தக் காரில் பொறுக்கியது.

துரைசிங்கம் ஓய்வு பெற்ற ஆங்கிலப் பள்ளி ஆசிரியர். அவருடைய தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே கிளார்க்காக வந்தவர். சுற்றுலா அலுவலகம் வெளியிட்ட 'ஆற்றங்கரை மாநகரின் உணவும் இசையும் பண்பாடும்' என்ற முப்பத்திரண்டு பக்க ஆங்கிலக் கையேட்டை எழுதியவரும் அவரே, அதிலிருந்து பரீட்சை வைப்பவரும் அவரே. சமைத்தவனே சாப்பிட்டுப் பார்த்து ருசிக்குச் சான்றிதழ் கொடுக்கிற ஏற்பாடு.

கையேட்டைப் பத்துமலை நாற்பது தடவையாவது படித்திருப்பான். படிக்கப் படிக்க, தான் இத்தனை வருடம் வேறு ஊரில் குடியிருந்துவிட்டோமோ என்ற சந்தேகம் வந்தது. கிந்தா ஆறு வெள்ளி நாடாவாக நெளிகிறது என்றது நான்காம் பக்கம். சுரங்கத்தில் ஈயம் கழுவிய சேறு கலந்து, பால் தூக்கலாகப் போட்ட தேத்தண்ணி நிறத்தில் ஓடும் அந்த ஆற்றில் வெள்ளியாகத் தெரிவது, வயிறு மேலே தெரிய மிதக்கும் மீன் மட்டும்தான். இந்தியர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். அதிலும் பாதி படம். இந்தியர்கள் கலையுள்ளம் கொண்டவர்கள், மாலை வேளைகளில் வீணை வாசிப்பார்கள் என்று அதில் இருந்தது. பத்துமலை வீணையைப் பார்த்தது உண்டு. காலண்டரில் சரஸ்வதி கையில்.

காலைப் பொழுது மோசமாகத்தான் போயிற்று. பழைய நகரத்தில் ஒரு கோப்பிக்கடை வாசலில் வண்டியை நிறுத்தி, இங்கே கோப்பிக் கொட்டையை மார்ஜரின் போட்டு வறுப்பார்கள், அதுதான் இந்த மணம் என்று சொன்னான். பயணிகள் இறங்கத் தயாரானார்கள். கையேட்டில் அந்தக் கடையைப் பற்றி இரண்டு பத்தி இருக்கிறது. ஆனால் கடைக்குள்ளே போவது திட்டத்தில் இல்லை என்று துரைசிங்கம் தடுத்துவிட்டார். தெருவோரச் சாப்பாட்டின் பெருமையை ஒன்பது பக்கத்துக்கு எழுதிய மனிதர், மத்தியானம் எல்லோரையும் குளிர்சாதன ஹோட்டலுக்கு அழைத்துப்போய், பயறு முளையோடு வரும் தவுகே கோழியைக் கத்தியும் முள்ளும் வைத்துச் சாப்பிட வைத்தார். கோழியைவிட அதைச் சாப்பிட்ட விதம்தான் பயணிகளுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். கோழி அவர்கள் ஊரிலும் இருக்கிறது.

ஆறு ஏன் இப்படிக் கலங்கியிருக்கிறது என்று மார்கரெட் என்ற முன்னாள் ஆஸ்பத்திரித் தாதி கேட்டபோது பத்துமலை உள்ளதைச் சொன்னான். பின்னிருக்கையில் பென்சில் கோடு போட்டது. மதியத்துக்குள் அப்படி ஐந்து கோடுகள். ஆறாவது விழுந்தால் பேட்ஜ் இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு வண்டிப் பக்கம் தனியாக நின்றபோது துரைசிங்கமே அதை அறிவித்தார்.

"நீர் நல்லாத்தான் ஓட்டுறீர். வாய்தான் சரியில்லை," என்றார். "உம்மட தோட்டத்துக் கதையளை வந்தவைக்குச் சொல்லக்கூடாது, விளங்குதோ? அவைக்கு நாங்கள் எல்லாரும் ஒண்டுதான். என்ர தகப்பனார் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு ரயில்வேக்குப் போனவர். வெள்ளைக்காரன்ர கண்ணுக்கு அவரும் கூலிதான். பண்பாடு எண்டா தலை நிமிர்ந்து சொல்லக்கூடிய சாமானா இருக்கவேணும்."

பத்துமலை சரி சார் என்றான். மனிதர் பொய் சொல்லவில்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. அதனால் அவர்மேல் இருந்த எரிச்சல் குறையவில்லை. கழுத்துப்பட்டியை ஒரு பரம்பரைக்குப் பத்திரப்படுத்தி வைக்கிற குடும்பங்களை அவன் தோட்டத்து ஆபீசிலேயே பார்த்திருக்கிறான்.

மூன்று மணிக்கு ஆற்றங்கரை. திட்டப்படி ஐந்து நிமிடம் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பவேண்டும். ஆனால் அது ஆடி மாதம். பாலத்துக்கு அந்தப் பக்கம், தகரக் கூரை போட்ட மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மன் பத்துமலையின் தோட்டத்து அம்மன். தோட்டத்தை விற்றபோது ஜனங்கள் சட்டிபானையோடு அவளையும் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, பட்டா இல்லாத கரையில் இறக்கி வைத்தார்கள். அவளும் அவர்களைப் போலவே நோட்டீஸ் வந்தால் கிளம்புகிற நிலையில்தான் பன்னிரண்டு வருடமாக இருக்கிறாள்.

பயணிகள் காமிராவை ஆற்றை நோக்கித் தூக்கிய நேரத்தில் உறுமி கிளம்பியது. வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கத் தேய்க்க, மாடு அடிவயிற்றிலிருந்து கத்துகிற மாதிரி ஒரு சத்தம். காலையிலிருந்து முதல் தடவையாக ஒன்பது பேரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். யாரையும் கேட்காமல் பாலத்தைத் தாண்டி நடந்தார்கள். துரைசிங்கம் பின்னால் ஓடவேண்டியதாயிற்று.

வாசித்தது சன்னாசியின் குழு. சன்னாசி பத்துமலையின் மனைவி நவமணிக்கு அண்ணன். ஆஸ்பத்திரியில் அட்டெண்டென்ட் வேலை. ஏழு பேர் வேட்டியை மடித்துக் கட்டி, வேர்வை ஒழுக நின்றார்கள். பெண்கள் பயணிகளின் கையில் கூழ்க் கிண்ணத்தைக் கொடுத்து, ஓரத்தில் வறுத்த கருவாட்டையும் வைத்தார்கள். ஹோட்டல் கோழியைப் பாதி வைத்துவிட்டு வந்தவர்கள் இரண்டாம் கிண்ணம் கேட்டார்கள்.

"இது கூழ்," என்று துரைசிங்கம் பத்துமலையின் காதருகே முனகினார். "இதையெல்லாமோ காட்டுறது? சாவீட்டு மேளம் வேற."

சாவுக்கு அடிப்பது தப்பு மேளம், இது சாமிக்கு அடிக்கிற உறுமி என்பதைத் தோட்டத்துக் குழந்தை சொல்லும். நாற்பது வருடம் பாடம் நடத்தியவருக்குத் தெரியவில்லை. பத்துமலை திருத்தவில்லை.

மேளம் ஓய்ந்ததும் மார்கரெட் நோட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டு அவனிடம் வந்தாள். இந்த வாத்தியம் எங்கிருந்து வந்தது, இவர்கள் யார் என்று கேட்டாள். மற்றவர்களும் சுற்றி நின்றார்கள். தோட்டத்திலிருந்து என்று பத்துமலை ஆரம்பித்தான். துரைசிங்கத்தின் பென்சில் தாளில் இறங்குவதைப் பார்த்தான். ஆ ஃபூக்கின் தங்கை புருஷனுடைய முகம் மனதில் வந்தது. வாயை மூடித் திறந்தான்.

திறந்தபோது அதிலிருந்து சோழர்கள் வந்தார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் சோழ மகாராஜாவின் கப்பல்கள் இதே ஆற்றில் ஏறி வந்தன என்றான். முதல் கப்பலின் முகப்பில் நின்று இந்த உறுமியை வாசித்தார்கள். சத்தம் கேட்டு முதலைகள் கரையேறி ஓடின, எதிரிகள் காட்டுக்குள் ஓடினார்கள். திரும்பிப் போகும்போது மகாராஜா ஏழு வாத்தியக்காரர்களை இங்கே விட்டுப்போனார். நீங்கள் பார்க்கிற ஏழு பேரும் அவர்கள் வம்சம். கூழ் அந்தக் கப்பற்படையின் உணவு.

இந்த இடத்தில் மாட்டிக்கொண்டோம் என்றுதான் நினைத்தான். கிந்தாவில் அந்த இடத்தில் கணுக்கால் நனைய எருமை கடந்து போகும். கப்பல் எங்கே வருவது. துரைசிங்கம் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கிட்ட வந்தார்.

"எந்தச் சோழன்?" என்று தமிழில் கேட்டார்.

"ராஜேந்திரன், சார்."

"ஓம். கடாரம்." அவர் ஆற்றை ஒரு தடவை பார்த்தார். பிறகு பயணிகள் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில், தாமும் நெடுநாளாக இப்படித்தான் சந்தேகித்து வந்ததாகவும், அறிஞர்கள் இன்னும் ஆராயவேண்டும் என்றும் சொன்னார். அதுவரை மூக்கைப் பொத்தாத குறையாக நின்றவர், ஒரு கிண்ணம் கூழ் வாங்கிக் குடித்தார்.

தோட்டத்தில் பால் வெட்டியவன் அடித்த மேளம் அவருக்கு அவமானம். அதே மேளத்தை ஒரு ராஜா தொட்டுக் கொடுத்துவிட்டால் அது பண்பாடு. இவ்வளவு மலிவாக விழுவார் என்று தெரிந்திருந்தால் காலையிலிருந்தே கப்பலை ஓட்டியிருக்கலாம் என்று பத்துமலை நினைத்தான்.

பயணிகள் வேனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது சன்னாசி துண்டால் கழுத்தைத் துடைத்தபடி வந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர்களின் ஆங்கிலத்தைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த காது அவனுக்கு.

"மச்சான், எங்கப்பன் கப்பல்லதான் வந்தான், அது சரிலா," என்றான். "ஊர்லேருந்து கூலியாளுங்கள ஏத்திட்டு வந்த ரஜூலா கப்பலு. டெக்குல, வாந்தியிலயே படுத்துக்கிட்டு வந்தான். உங்கப்பனும் பக்கத்துலதான் படுத்திருந்தான்."

"பரீட்ச மச்சான். வேல போயிரும்."

"பொழைச்சுக்க. உன் ராஜா போறப்ப இந்தக் கோயில் மண்ணுக்கு ஒரு கிரான் எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்கலாம்லா. அதையும் சொல்லியிருக்கலாம்ல, சேத்து?"

கிரான் என்றால் நிலப்பட்டா. துரைசிங்கம் வேனுக்குள்ளிருந்து கூப்பிட்டார். அன்று மீதிப் பயணத்தில் பென்சில் ஒரு கோடும் போடவில்லை.

செப்டம்பர் மூன்றாம் தேதி பேட்ஜ் தபாலில் வந்தது. ஆ ஃபூக் பத்துமலையை நிரந்தர வேலைக்கு எடுத்துக்கொண்டான். அடுத்த வருடம் வெளிவந்த கையேட்டின் இரண்டாம் பதிப்பில் வீணையை எடுத்துவிட்டு, சோழக் கப்பல்களையும் உறுமியையும் சேர்த்திருந்தார்கள். அந்த வருடக் கலாசார இரவில் வாசிக்கும்படி சன்னாசியின் குழுவுக்குக் கடிதம் போயிற்று. கிரீடமும் ஜரிகைப் பட்டும் சுற்றுலா அலுவலகமே தரும் என்று அதில் இருந்தது. சன்னாசி போகவில்லை. சித்தியவான் ஊரிலிருந்து வேறொரு குழு வந்து வாசித்தது.